போன் அங்கே, சத்தம் இங்கே

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு வலி போன இடம் தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அண்ணியின் முழங்கால் தேவலையா? படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறார்களா, இல்லை அவரிடம் தலையை ஆட்டிவிட்டு மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போய்விடுகிறார்களா?

போனில் பேசினால் உனக்கு "ம்", "சரி", "வைக்கட்டுமா" என்ற மூன்றைத் தவிர நாலாவது வார்த்தை வராது. காகிதத்தைக் கண்டால்தான் வாய் திறக்கிறாய். அதனால் இந்த வருஷமும் கடிதம்தான்.

ஆபீசில் எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பதினொரு மெக்கானிக்குகளும் முந்தின நாள் எந்த லிஃப்டில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று காலையில் மேலாளரின் போனுக்கு வாய்ஸ் நோட் அனுப்புகிறீர்கள் அல்லவா? ஒன்பது மணிக்கு அவர் அந்தப் போனை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். நான் கேட்டு, டைப் செய்து, பத்தரைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுவரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக் கேட்டு என் வலது காது வெந்த கத்தரிக்காய் மாதிரி ஆகியிருந்தது. இப்போது புளூடூத்தில் போனைக் கம்ப்யூட்டருடன் சேர்த்துவிட்டேன். போன் அங்கே கிடக்கும். சத்தம் கம்ப்யூட்டர் வழியாக என் ஹெட்போனுக்கு வரும். வேகமாகப் பேசுகிறவர்களைக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டு எழுதுகிறேன்.

உன் குரலும் தினம் வருகிறது. மூன்று தரம் தொண்டையைச் செருமாமல் உனக்குப் பேச்சு தொடங்காது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேலாளர் வழக்கம்போலத்தான். கோபம் வந்தாலும் குரல் உயராது. அதனால் நாங்கள் அவருக்குப் பஞ்சுமிட்டாய் என்று பெயர் வைத்திருக்கிறோம். யாரிடமும் சொல்லிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
சில்லு

—

ஜனவரி 29

என் அன்புச் சில்லுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணி மொட்டைமாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது நான் பார்க்காத நேரம் பார்த்துப் போகிறாள்.

செருமல் விஷயம் படித்ததிலிருந்து எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பவே கூச்சமாக இருக்கிறது. மேலாளருக்குத்தானே பேசுகிறோம் என்று நினைத்தால், நடுவில் நீ உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாய்!

எனக்குப் புதிதாக ஓர் ஆஸ்பத்திரியைக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாடி. ஆட்களுக்கு ஒரு லிஃப்ட், நோயாளிகளைக் கட்டிலோடு ஏற்றுவதற்கு ஒரு பெரிய லிஃப்ட். பெரியதற்கு வயசாகிவிட்டது. லிஃப்டை இழுப்பது கயிறு என்று எல்லோருக்கும் தெரியும். போய்ச் சேர்ந்த மாடியில் அதைப் பிடித்து நிறுத்திவைப்பது பிரேக். அந்தப் பிரேக்குக்குள் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அது தேய்ந்தால் பிடிப்பு விட்டுப்போகும். இங்கே தேய்ந்திருக்கிறது. மூன்றாம் மாடியில் நின்ற பிறகும் இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டுத்தான் ஓய்கிறது. பட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வந்ததும் மாற்றிவிடுவேன்.

உன் வேலை ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது என்றாயே, நீட்டிப்பார்களா? மேலாளரிடம் மரியாதையாக நடந்துகொள். பட்டப்பெயரெல்லாம் மனசோடு இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

—

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் நடந்தது. போன செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு மேலாளர் வந்து போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். தினமும் நான் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் கொடுப்பேன். அன்று பக்கத்து மேஜைக்காரி கூப்பிட்டதில் மறந்துவிட்டேன். அவர் அறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, எட்டு அடி தூரம், அவ்வளவுதான். புளூடூத்துக்கு அது ஒரு தூரமே இல்லை.

திடீரென்று ஹெட்போனில் ஒரு குரல். அப்போதுதான் வந்த ஒரு வாய்ஸ் நோட்டை அவர் தட்டியிருக்கிறார். ஒரு மெக்கானிக் பேசினார். பட்டை வரவில்லை, நீங்கள் சொன்னீர்கள் என்று மாற்றியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பழையதுதான் ஓடுகிறது என்றார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் போனைக் காதில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், சத்தத்தைக் கூட்டினார். அங்கே ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் என் காதில்தான் விழுகிறது. மறுபடி தட்டினார். அதே குரல், இன்னும் பலமாக. மூன்றாம் தரம் தட்டினார். எனக்குக் காது வலித்தது. ஆனாலும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

எழுந்து வெளியே வந்தார். "என்னம்மா, போன் ஊமையாயிடுச்சு?" என்றார். அவர் வந்து சேர்வதற்குள் மவுசை ஒரே அழுத்தாக அழுத்தி இணைப்பைத் துண்டித்துவிட்டேன். "கை பட்டு சைலன்ட்ல போயிருக்கும் சார், இப்ப போட்டுப் பாருங்க" என்றேன். போட்டார். "சார்" என்ற ஒரே ஒரு வார்த்தை ஆபீஸ் முழுக்கக் கேட்டது. சட்டென்று விரலால் அமுக்கி நிறுத்தினார். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "சரியாயிடுச்சும்மா, தேங்க்ஸ்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அந்த மெக்கானிக் யார் என்று நான் எழுதப்போவதில்லை. எந்தக் கட்டடம் என்றும் எழுதப்போவதில்லை. ஆனால் இந்த மாதிரி ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவன் நீ.

உன் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் பட்டை வந்துவிட்டதா?

சில்லு

—

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்தது. நலம். இங்கே வெயில் இப்போதே ஆளைச் சுட்டெடுக்கிறது. அண்ணிக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

காதில் தற்செயலாக விழுந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. வேலை என்றால் ஆயிரம் இருக்கும். எல்லாவற்றையும் நீ தூக்கிச் சுமக்க முடியாது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது இணைப்பைத் துண்டிக்க மறக்காதே. அன்று கேட்டதைக் கேட்காத மாதிரி இரு. யாரிடமும் வாய் திறக்காதே.

உன் ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று எழுது.

அண்ணன்

—

மார்ச் 10

அண்ணா,

நலமா என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

யார் அந்த மெக்கானிக் என்று நீ கேட்கவில்லை. எந்தக் கட்டடம் என்றும் கேட்கவில்லை. வேறு யாராயிருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள். பட்டை வந்ததா என்று நான் கேட்டதற்கும் பதில் இல்லை. வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

அது நீதான் அண்ணா. மூன்று தரம் செருமிவிட்டுத்தான் பேசினாய். எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். "சார், ஆஸ்பத்திரிக் கட்டில் லிஃப்டுக்குப் பட்டை இன்னும் வரல. நீங்க சொன்னீங்கன்னு மாத்தியாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா பழசுதான் ஓடுது சார். ஸ்பிரிங்கை இறுக்கி வச்சிருக்கேன். எத்தனை நாளைக்குத் தாங்கும்னு தெரியல. சீக்கிரம் அனுப்புங்க சார், தயவுசெஞ்சு." அந்தத் தயவுசெஞ்சுவை என்னால் தாங்க முடியவில்லை.

நீ கையெழுத்துப் போட்ட தாள் மறுநாள் என் மேஜைக்கு வந்தது. "பட்டை மாற்றப்பட்டது, இயக்கம் திருப்தி" என்று என் விரலாலேயே டைப் செய்து கோப்பில் சேர்த்தேன். அப்போதும் எதுவும் தெரியாதவள் மாதிரி இருந்தேன். ஆக, பொய்யில் எனக்கும் பங்கு இருக்கிறது.

போன வாரம் பஞ்சுமிட்டாய் என்னை அறைக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு என் போன் ஊமையாச்சே, அப்ப நீ ஹெட்போன் போட்டிருந்தியாம்மா?"

"ஆமா சார். பாட்டு கேட்டுட்டிருந்தேன்."

"என்ன பாட்டு?"

எனக்கு ஒரு பாட்டின் பெயர்கூட வாயில் வரவில்லை. "பழைய பாட்டு சார், பேர் தெரியாது" என்றேன். கொஞ்ச நேரம் மேஜை மேலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். "வேலை நேரத்துல பாட்டு வேண்டாம்மா. உங்க அண்ணன் தங்கமான மனுஷன். நீயும் அப்படியே இருக்கணும்" என்றார். அன்றிலிருந்து போனை என்னிடம் விட்டுவிட்டுப் போவதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதைப் போட வேண்டுமோ அதை மட்டும் அவரே தட்டுகிறார். முடிந்ததும் அவரே இணைப்பைத் துண்டிக்கிறார்.

அண்ணா, அந்த லிஃப்டை நிறுத்திவிடு. சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட உனக்கு யாருடைய உத்தரவு வேண்டும்? கட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது அது இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதுமில்லை.

உடனே எழுது.

சில்லு

—

ஏப்ரல் 4

அண்ணா,

இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. தபால்காரர் சைக்கிளைப் பார்த்துப் பார்த்து அவருக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. "இன்னைக்கும் இல்லம்மா" என்று தெருமுனையிலேயே கையை விரிக்கிறார்.

இரண்டு தரம் போன் செய்தேன். "ம், சரி, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டாய்.

ஆனால் உன் குரல் தினமும் என் காதுக்குள் பேசுகிறது. அதுதான் கொடுமை. எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவுக்கு எண்ணெய் விட்டாய் என்று சொல்கிறாய். நடுவில் மூச்சு வாங்குகிறாய். முன்பு அப்படி இல்லை. என் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நீ பேசப் பேச நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் டைப் அடிக்கிறேன். ஆஸ்பத்திரியைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்கிறாயா, அவர் அதைத் தட்டாமல் விடுகிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

நேற்று ஆபீஸ் போனில் ஒரு நர்ஸ் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். கட்டிலின் முன்சக்கரங்கள் லிஃப்டுக்குள் போனதும் லிஃப்ட் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டதாம். கட்டில் சாய்ந்து, ஆபரேஷன் முடிந்து வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாராம். வார்டு ஆள் தன் காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டதால் நசுங்காமல் பிழைத்தார். "பிப்ரவரியிலதான் பிரேக் மாத்தினதா பேப்பர் ஒட்டியிருக்கீங்க, அப்புறம் எப்படிங்க?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மேலாளரிடம் சொன்னேன். "எழுத வேண்டாம்மா, நான் பேசிக்கிறேன்" என்றார்.

இரண்டு விரல் இப்போது ஒரு சாண் ஆகியிருக்கிறது.

இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று இருந்தேன். முதல் தேதி அன்று என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுத்தார்கள். நான் கேட்கவேயில்லை. சந்தோஷப்பட வேண்டியது, கடிதத்தை உறையிலேயே திருப்பிப் போட்டுவிட்டேன்.

சில்லு

—

ஏப்ரல் 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் சிரித்துக்கொள். என் கால் பரவாயில்லை. நீ உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் கடிதங்கள் இரண்டும் அவர் சட்டைப்பையில் இருந்தன. துவைக்கப் போடும்போது எடுத்துப் படித்துவிட்டேன். தப்புத்தான். ஆனால் படித்த பிறகு சும்மா இருப்பது அதைவிடத் தப்பு என்று பட்டது.

உன் அண்ணன் சரியாகச் சாப்பிட்டு ஒன்றரை மாசம் ஆகிறது. லீவு நாளிலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே என்ன வேலை என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கட்டில் லிஃப்டுக்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு கட்டில் வரும்போதும் இவரே எழுந்து, லிஃப்ட் நின்றதா என்று காலால் தட்டிப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே விடச் சொல்கிறார். காலையிலிருந்து சாயங்காலம்வரை இதேதான். நர்ஸ்கள் இவரை லிஃப்ட்காரர் என்றே நினைத்திருக்கிறார்கள். "நீங்க இல்லாத நேரத்துல?" என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு மேலே போய்விட்டார்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பிப்ரவரியில் உங்கள் மேலாளர் போன் செய்தபோது இவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். இவர் முடியாது என்றுதான் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். அதற்கு அவர் மெதுவாக, "உங்க தங்கச்சி ஒப்பந்தம் மார்ச்சுல முடியுதுல்ல? நல்ல பொண்ணு. நானும் அவளுக்கு நல்லது பண்ணணும்னுதான் பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அதட்டவில்லை, மிரட்டவில்லை. இவர் ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

"அவகிட்ட சொன்னே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயால் சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறேன். சாமி மன்னிக்கட்டும்.

உன் அண்ணி

—

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியைத் திட்டாதே. திட்டினால் இனி உன்னோடு பேச மாட்டேன்.

என் வேலைக்காகவா அண்ணா? அந்தத் தகர மேஜைக்கும் ஒரு ஹெட்போனுக்குமா? வேலை போனால் வேறு பார்த்துக்கொள்ள மாட்டேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அழுதேன். கோபத்தில் அழுதேன், அப்புறம் வேறு எதற்கோ அழுதேன்.

நேற்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். பஞ்சுமிட்டாய் படித்துவிட்டு, "அண்ணன்கிட்ட கேட்டியாம்மா?" என்றார். "இனிமே கேக்கறேன் சார்" என்றேன். இனி உன்னைப் பிடித்துவைக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

உன்னிடம் மறைத்த ஒன்று என்னிடமும் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வேகமாகப் பேசும் ஒருவருக்காகப் போட்டது, அதையும் நிறுத்த மறந்திருந்தேன். போனிலிருந்து வந்த சத்தம் மூன்று தரமும் அப்படியே பதிவாகிவிட்டது. அன்று சாயங்காலமே அதை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். இரண்டு மாசமாக என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அது வெளியே போனால் உன் தலைதான் முதலில் உருளும் என்று பயந்தேன். ஆனால் "நீங்க சொன்னீங்கன்னு" என்ற சொல்லும் அதில் இருக்கிறது.

வரும் திங்கட்கிழமை அரசு லிஃப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். அதற்கு முன்னால் நீயே போ. தங்கை காட்டிக்கொடுத்தாள் என்று இருக்கக் கூடாது. அண்ணன் தானாக வந்து சொன்னான் என்று இருக்க வேண்டும். நீ போகாவிட்டாலும் நான் போவேன். அந்த நர்ஸின் குரல் என்னை விடமாட்டேன் என்கிறது.

என் மேல் வெறுப்பு வந்தால் வரட்டும். யாரும் சாகாமல் இருந்தால் போதும்.

உன் தங்கை

—

ஏப்ரல் 27

என் சில்லுவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கிடைத்தது. உன் அண்ணியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த முழங்காலோடு ஆறு மாடியும் படியேறி, மெஷின் ரூம் வாசலில் மூச்சுவாங்க நின்றாள். "லிஃப்ட்ல வரவேண்டியதுதானே" என்றேன். "உங்க லிஃப்ட்லயா?" என்றாள்.

அங்கேயே நின்று படித்தேன். படித்து முடித்ததும் லிஃப்ட் கீழே காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். என் சைக்கிள் பூட்டைக் கழற்றி அதில் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. இரண்டு மாசமாக என்னால் முடியாமல் இருந்தது.

தலைமை நர்ஸ் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? மேல ரெண்டு பேர் ஆபரேஷனுக்குக் காத்திருக்காங்க!"

"சிஸ்டர், பிரேக் மாத்தல. மாத்தினதா எழுதினது நான்தான். பொய்."

அவர் என்னை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி, நாலு வார்டு ஆட்களைக் கூப்பிட்டு நோயாளிகளைத் தூக்குப்படுக்கையில் படிவழியாக இறக்க ஏற்பாடு செய்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானமே ஆய்வாளர் அலுவலகம் போனேன். ஓர் அம்மா இருந்தார். சனிக்கிழமை, கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னதும் பையைக் கீழே வைத்தார்.

"கையெழுத்து உங்களோடதா?"

"என்னோடது மேடம்."

"தெரிஞ்சே போட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"இதை எழுத்துல தந்தா லைசென்ஸ் போயிடும். தெரியுமா?"

"எழுதத்தான் வந்திருக்கேன் மேடம்."

அன்று சாயங்காலமே வந்து பிரேக்கைத் திறக்கச் சொன்னார். ஒரு பக்கத்துப் பட்டை நகத்தின் கனம்கூட இல்லை. மறுபக்கத்தில் இரும்பு தெரிந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டே, "ஒரு நாளைக்கு எத்தனை கட்டில் போகும்?" என்று நர்ஸைக் கேட்டார். முப்பது, முப்பத்தைந்து என்றார் அவர். ஆய்வாளர் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பார்க்காததை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

மேலாளர் போன் செய்தார். "என்ன அவசரம் உங்களுக்கு? பேசியிருக்கலாமே" என்றார். அதே மெதுவான குரல். அவரே பேசிமுடிக்கட்டும் என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

விசாரணை வைப்பார்கள். எனக்கு அவர் வாயால்தான் உத்தரவு போட்டார், எழுத்தில் ஒன்றும் இல்லை. அதனால் நீ திங்கட்கிழமை கொண்டுபோன பதிவை விசாரணையிலும் போட்டுக்காட்டச் சொல். என் குரலாயிற்றே என்று யோசிக்காதே. உன்மேல் எனக்கு வெறுப்பா? பைத்தியம்.

நன்றாகச் சாப்பிடு. நானும் நேற்றிலிருந்து சாப்பிடுகிறேன்.

அண்ணன்

—

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். விசாரணை ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் முடிந்தது. அண்ணன் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கிறான். இதை ஒட்டி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நடந்ததை அவனால் உங்களிடம் சொல்ல முடியாது. அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நீள அறை. சாட்சி சொல்லி முடியும்வரை ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எட்டு மாசம் கழித்து அண்ணனைப் பார்க்கிறேன், ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் அந்நியர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். நன்றாக இளைத்திருக்கிறான். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது.

மேலாளர் எதிரே இருந்தார். தனக்கு ஒன்றுமே தெரியாது, மெக்கானிக் சொன்னதை நம்பினேன் என்றார். பதிவைப் போட்டார்கள். அறை முழுக்க அண்ணன் குரல் ஒலித்தது. அவன் தலையைக் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் மேலாளர், "இது யார் குரல்னு யாருக்குத் தெரியும் சார்? யார் வேணா பேசிப் பதிவு பண்ணலாமே" என்றார். அண்ணன் சட்டென்று எழுந்து, "என் குரல்தான்" என்றான். "உங்களைக் கேக்கல, உட்காருங்க" என்றார் விசாரணை அதிகாரி. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. தினமும் கேட்டு டைப் பண்ணவங்க நீங்கதான். இது யாரோட குரல்?"

அண்ணி, வீட்டில் ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்த பதில் அது. அங்கே முதலில் அண்ணனைத்தான் பார்த்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சொல்லு என்கிற மாதிரி லேசாகத் தலையை அசைத்தான்.

"எங்க அண்ணன் குரல் சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். ஒரு வரிதான். அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

மேலாளர் மேல் வழக்குப் போடுகிறார்கள். கம்பெனியிடமிருந்து அந்த ஆஸ்பத்திரியை எடுத்துவிட்டார்கள். புதுப் பட்டை போட்டு லிஃப்ட் போன மாசமே ஓடத் தொடங்கிவிட்டதாம். அண்ணனின் லைசென்ஸை இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். தானாக வந்து சொன்னதால்தான் இத்தோடு விட்டோம் என்றார் ஆய்வாளர் அம்மா. அதற்குப் பிறகு அவனிடம், "அந்த முக்காலியில உக்காந்த நாள்ல ஒரு நாளாவது எங்ககிட்ட வந்திருக்கலாமே" என்றார். அவன் பதில் சொல்லவில்லை. எப்போதும் சொல்லப்போவதில்லை. நீங்களும் அதைக் கேட்காதீர்கள்.

வெளியே வந்ததும் பேசலாம் என்றார்கள். வராந்தாவில் அரை மணி நேரம் நின்றோம். கடைசியில், "உன் வேலை?" என்றான். ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருக்கிறேன் என்றேன். "நல்ல இடமா?" என்றான். நல்ல இடம் என்றேன். அப்படியே என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பார்க்கிறவர்களைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்படவில்லை.

இனி அவன் பட்டறை எதற்காவது கூலிக்குத்தான் போகவேண்டியிருக்கும். உங்களுக்குச் சிரமம்தான். நானும் முடிந்ததைச் செய்கிறேன்.

வண்டி வந்துவிட்டது, கை காட்டுகிறான். சாயங்காலம் அங்கே வந்துசேருவான். இந்தக் கடிதத்தை உங்களிடம் நீட்டிவிட்டு வாசலிலேயே நிற்பான், எனக்குத் தெரியும். நீங்கள் இதைப் படித்துமுடிக்கும்வரை செருப்பைக்கூடக் கழற்றமாட்டான். அதனால் இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம், மடித்து வையுங்கள் அண்ணி. முதலில் அவனை உள்ளே கூப்பிடுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
சில்லு